அநாதை ரயில்களும் தொலைந்த பெயர்களும்

உங்கள் பாட்டனாரின் பெயர் உங்களுக்குத் தெரியும். அவருடைய தந்தையின் பெயர் என்ன? வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அவர் எந்த ஊர்க்காரர், உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்தே சொல்லக்கூடும். நாம் பாடுபட்டுத் தேடாமலே நமக்குக் கிடைத்த செல்வம் இது. அதனாலேயே இதன் அருமை நமக்குத் தெரிவதில்லை.

அமெரிக்காவில் பல்லாயிரம் குடும்பங்கள் இந்தக் கேள்விக்கு விடையின்றி இருக்கின்றன. "தாத்தா சின்ன வயதில் நியூயார்க்கிலிருந்து ரயிலில் வந்தாராம்." இந்த ஒரு வாக்கியத்தோடு அவர்களுடைய குடும்பக் கதை நின்றுவிடுகிறது. அந்த ரயிலுக்கு முன்னால் என்ன இருந்தது? தாத்தாவின் தாய் யார்? அவருடைய உண்மையான பெயர்தான் என்ன? நூறு ஆண்டுகளுக்குப் பிறகு இவற்றைக் கண்டறிய முடியுமா?

பல சமயங்களில் முடியும். ஒரு விஞ்ஞானி சான்றுகளைச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஐயத்தை நீக்கி முடிவுக்கு வருவது போன்ற வேலைதான் இதுவும். அதைப் புரிந்துகொள்ள முதலில் அந்த ரயில்களின் கதையை அறிய வேண்டும்.

ரயில் ஏறிய குழந்தைகள்

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நியூயார்க் நகரம் மிக வேகமாகப் பெருகியது. அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஏழை மக்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். இருண்ட ஒற்றை அறைகளில் குடும்பம் குடும்பமாக நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். காலரா, காசநோய், துறைமுக வேலையில் விபத்து என்று ஏதோ ஒன்று குடும்பத்தில் சம்பாதிப்பவரைக் கொண்டுபோகும். அன்று ஓய்வூதியமும் இல்லை, காப்புறுதியும் இல்லை. குழந்தைகள் தெருவுக்கு வந்தார்கள். 1849-இல் நகரக் காவல்துறைத் தலைவர் அளித்த அறிக்கை, ஏறத்தாழ 3,000 குழந்தைகள் தெருக்களில் திரிவதாகக் கூறியது.

சார்லஸ் லோரிங் பிரேஸ் (1826-1890) என்ற இளைஞர் 1853-இல் 'குழந்தைகள் உதவிக் கழகம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பெரிய அநாதை விடுதிகளில் நூற்றுக்கணக்கில் அடைத்து வளர்ப்பது குழந்தைக்கு நல்லதல்ல, ஒரு குடும்பத்தில் வளர்வதே நல்லது என்பது அவர் கருத்து. மேற்கே பரந்து கிடந்த விவசாயப் பகுதிகளில் வேலைக்கு ஆள் போதவில்லை. நகரில் குழந்தைகள் மிகுதி. நாட்டுப்புறத்தில் கைகள் குறைவு. இரண்டையும் ஏன் இணைக்கக் கூடாது என்று அவர் எண்ணினார். அந்த எண்ணத்தில் இரக்கமும் இருந்தது, உழைப்புக்கான தேவையும் இருந்தது. பின்னால் விளைந்த நன்மை, தீமை இரண்டுக்கும் விதை இங்கேயே விழுந்துவிட்டது.

1854-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் 46 குழந்தைகள் கொண்ட முதல் குழு, மிச்சிகன் மாநிலத்தில் உள்ள டோவாஜியாக் என்ற சிற்றூருக்குச் சென்றது. சில நாட்களுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு வீடு கிடைத்துவிட்டது. அன்று தொடங்கிய பயணங்கள் 1929 வரை, 75 ஆண்டுகள் நடந்தன. வேறு பல நிறுவனங்களும் சேர்ந்துகொண்டன. மொத்தம் 2 இலட்சம் முதல் 2½ இலட்சம் குழந்தைகள் இவ்வாறு அனுப்பப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள்.

ஊருக்கு ஊர் காட்சி ஒன்றுபோலவே இருந்தது. "குழந்தைகளுக்கு வீடுகள் தேவை" என்ற துண்டுப் பிரசுரம் முன்கூட்டியே ஒட்டப்படும். குறித்த நாளில் கழகத்தின் அலுவலர் ஒருவருடன் குழந்தைகள் வந்து இறங்குவார்கள். மாதா கோயிலிலோ நீதிமன்றக் கட்டிடத்திலோ நாடக அரங்கிலோ அவர்களை வரிசையாக நிறுத்துவார்கள். விவசாயிகள் வந்து பார்ப்பார்கள். சிலர் பையன்களின் கைத்தசையை அழுத்திப் பார்ப்பதும் உண்டு. பிடித்த குழந்தையை அழைத்துச் செல்வார்கள். எஞ்சிய குழந்தைகள் மீண்டும் ரயில் ஏறி அடுத்த ஊருக்குப் போவார்கள். அண்ணன் ஓர் ஊரிலும் தங்கை வேறோர் ஊரிலும் இறங்கியது சாதாரணமாக நடந்தது.

இவர்களில் சிலர் மிக உயர்ந்தார்கள். 1859-இல் ஒரே குழுவில் இந்தியானா மாநிலத்துக்குச் சென்ற சிறுவர் இருவரில், ஆண்ட்ரூ பர்க் பின்னாளில் வடக்கு டகோட்டாவின் ஆளுநரானார். ஜான் பிரேடி அலாஸ்காவின் ஆளுநரானார். அன்பான பெற்றோரைப் பெற்றவர்கள் ஏராளம். கூலியில்லாத வேலைக்காரர்களாக நடத்தப்பட்டு, அடி தாங்காமல் ஓடிப்போனவர்களும் உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் வரலாறு ஆகாது.

'அநாதை' என்ற சொல்லில் ஓர் எச்சரிக்கை

நம் தேடலைத் தொடங்கும் முன் இரண்டு செய்திகளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

'அநாதை ரயில்' என்ற பெயர் பிற்காலத்தில்தான் பரவலாயிற்று. அனுப்பிய நிறுவனங்களின் பழைய ஏடுகளில் அது வழக்கமான சொல் அன்று. குழந்தையை 'வெளியிடத்தில் சேர்ப்பித்தல்' என்றே எழுதினார்கள். இதற்கெனத் தனி ரயில்களும் பெரும்பாலும் கிடையா. வழக்கமான ரயில்களிலேயே குழந்தைகள் சிறு சிறு குழுக்களாகச் சென்றார்கள். ஆகவே பழைய ஆவணங்களில் 'அநாதை ரயில்' என்ற சொல்லைத் தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவார்.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது. இந்தக் குழந்தைகளில் பலர் அநாதைகள் அல்லர்! தாய் தந்தையரில் ஒருவரோ இருவருமோ உயிரோடு இருந்தார்கள். ஒருவரை மட்டும் இழந்த குழந்தையைக் குறிக்க 'அரை அநாதை' என்ற சொல்லே அக்காலப் பதிவேடுகளில் உண்டு. வறுமையால், நோயால், வேலையின்மையால் பெற்றோர் தற்காலிகமாக விடுதியில் விட்ட குழந்தையும் ரயில் ஏறியிருக்கலாம். எனவே தாத்தா அநாதை என்று குடும்பம் நம்புவதை ஒரு சான்றாகக் கொள்ளாமல், ஆராய வேண்டிய ஒரு கேள்வியாகக் கொள்ள வேண்டும்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு

ஓர் எடுத்துக்காட்டுக்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கன்சாஸ் மாநிலத்தில் ஒரு கோதுமை மாவு ஆலையில் வேலை பார்த்து, 1960-இல் காலமான ஒரு முதியவர். அவருடைய பேத்தி அவரது பிறப்பைத் தேடுகிறாள். "ஏழு வயதில் ரயிலில் வந்தார்" என்பது மட்டுமே அவளுக்குத் தெரியும்.

அவள் நேராக நியூயார்க்குக்கு எழுதினால் பயன் இல்லை. எந்த நிறுவனத்துக்கு எழுதுவது? எந்தப் பெயரைக் கேட்பது? வளர்த்தவரின் பெயரைத்தான் தாத்தா ஆயுள் முழுவதும் வைத்துக்கொண்டிருந்தார். எனவே கடைசி ஆவணத்தில் தொடங்கி ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்வது என்பது இந்த ஆராய்ச்சியின் முதல் விதி.

முதலில் இறப்புச் சான்றிதழ். அதில் பெற்றோர் பெயருக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் அந்தச் செய்தியைச் சொன்னவர் பிள்ளையோ மனைவியோ ஆவார், தாத்தா அல்லர். எனவே இது வலுக்குறைந்த சான்று.

அடுத்தது அவர் தம் கையாலேயே கொடுத்த விவரங்கள். முதல் உலகப் போரின்போது 1917, 1918 ஆண்டுகளில் சுமார் 2 கோடியே 40 இலட்சம் ஆண்கள் படைப்பதிவு செய்துகொண்டார்கள். அந்த அட்டைகள் பாதுகாக்கப்பட்டுள்ளன. 1936-இன் இறுதியில் தொழிலாளர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு எண் வழங்கத் தொடங்கினார்கள். அதற்கான விண்ணப்பத்தில் தந்தை பெயர், தாயின் கன்னிப்பருவப் பெயர், பிறந்த இடம் ஆகியவற்றைக் கேட்டார்கள். நம் முதியவர் ஆலைத் தொழிலாளி என்பதால் இந்தப் படிவம் அவருக்கு இருக்கும். (சொந்த நிலத்தில் உழுத விவசாயியாக இருந்திருந்தால், 1950-களில்தான் அவர் இத்திட்டத்தில் சேர்ந்திருக்க முடியும்.) அதில் அவர் வளர்த்த தாயின் பெயரை எழுதாமல், யாரும் கேட்டிராத ஓர் அயர்லாந்துப் பெண்ணின் பெயரை எழுதியிருந்தால்? ஏழு வயதுப் பையன் முப்பது ஆண்டுகளாக நெஞ்சில் வைத்திருந்த பெயர் அது. தேடலின் முதல் கதவு அங்கே திறக்கிறது.

பிறகு குடிமதிப்புப் பதிவேடுகள். அமெரிக்காவில் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கு எடுக்கிறார்கள். ஒவ்வொன்றும் 72 ஆண்டுகள் கழித்துப் பொதுமக்கள் பார்வைக்கு வருகிறது. 1950-ஆம் ஆண்டுப் பதிவேடு 2022-இல் வெளியாயிற்று. 1880 முதல் இவற்றில் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற பகுதியும் உண்டு. 1910-ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஒரு கன்சாஸ் விவசாயியின் வீட்டில் பன்னிரண்டு வயதுப் பையன். மற்ற எல்லோரும் கன்சாஸில் பிறந்தவர்கள். இவன் மட்டும் நியூயார்க்கில் பிறந்தவன். இவனுடைய பெற்றோர் பிறந்த நாடு அயர்லாந்து. உறவு என்ற இடத்தில் 'வளர்ப்பு மகன்' என்றோ 'வேலையாள்' என்றோ 'தங்கியிருப்பவர்' என்றோ எழுதியிருக்கும். அந்த ஒரு சொல், அந்த வீட்டில் அவன் நிலை என்ன என்பதையும் நமக்குச் சொல்கிறது.

ஒரு தடங்கலையும் இங்கே சொல்ல வேண்டும். 1890-ஆம் ஆண்டுப் பதிவேடுகள் 1921 ஜனவரியில் வாஷிங்டனில் ஏற்பட்ட தீவிபத்தால் பாழாகி, ஏறத்தாழ முழுவதுமே இல்லாமற்போயின. 1880-களில் ரயில் ஏறிய குழந்தைகளைத் தேடுபவர்களுக்கு இது பெரும் இழப்பு. அவர்கள் மாநில அரசுகள் இடையிடையே எடுத்த கணக்குகளை நாட வேண்டியுள்ளது. கன்சாஸ் மாநிலத்தின் கணக்கில், எந்த மாநிலத்திலிருந்து இங்கே வந்தார் என்ற கேள்வியும் இருந்தது.

எந்த நிறுவனம் அனுப்பியது?

பையன் வந்த ஊர் தெரிந்துவிட்டது. இனி அனுப்பியவர் யார் என்று அறிய வேண்டும். இதற்கு உள்ளூர்ச் செய்தித்தாளைப் போல் உதவுவது வேறொன்றும் இல்லை. குழந்தைகள் வந்து இறங்குவது சிற்றூரில் பெரிய செய்தி. எந்தக் குழந்தையை எந்தக் குடும்பம் எடுத்துக்கொண்டது என்பதைக்கூடச் சில தாள்கள் பெயரோடு அச்சிட்டன. இத்தகைய பழைய தாள்கள் பலவற்றை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் படமெடுத்து, யாரும் கணினியில் படிக்கும்படி வைத்துள்ளது.

குழந்தை வந்த முறையும் துப்புத் தரும். எல்லோர் முன்னும் வரிசையில் நின்று தேர்ந்தெடுக்கப்பட்டதாகக் குடும்பக் கதை சொன்னால், குழந்தைகள் உதவிக் கழகத்தை நினைக்கலாம். சிறு குழந்தை, கத்தோலிக்கக் குடும்பம், சட்டையில் தைத்த எண் ஆகியவை கதையில் வந்தால், நியூயார்க் கைக்குழந்தை மருத்துவமனையை நினைக்க வேண்டும். கத்தோலிக்கக் கன்னியர் 1869-இல் தொடங்கிய அந்த இல்லத்தின் வாசலில் ஒரு தொட்டில் இருந்தது. குழந்தையை அதில் விட்டுச் செல்லலாம். அவர்கள் ஊர்ப் பாதிரியார் வழியாக முன்கூட்டியே குடும்பங்களின் விருப்பத்தைக் கேட்டறிந்து, குழந்தைக்கும் குடும்பத்துக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து அனுப்பினார்கள்.

மாவட்ட நீதிமன்றத்தையும் மறந்துவிடக் கூடாது. தத்தெடுத்த உத்தரவு, காப்பாளர் நியமனம், வளர்த்தவரின் உயில் ஆகியவை அங்கே இருக்கும். ஆனால் பெரும்பாலான குழந்தைகள் சட்டப்படி தத்தெடுக்கப்படவே இல்லை. நீதிமன்றத்தில் பெயர் இல்லை என்றால் தேடல் தோற்றதாக ஆகாது. உயிலில் பெற்ற பிள்ளைகளுக்கு நிலம், இவனுக்கு ஒரு குதிரை என்று இருந்தால், அதுவும் ஒரு செய்திதானே!

இந்த இரு நிறுவனங்களின் பழைய ஏடுகளில் பெரும்பகுதி இன்று நியூயார்க் வரலாற்றுக் கழக நூலகத்தில் உள்ளது. தனிமனிதர் கோப்புகளைப் பார்க்கக் கட்டுப்பாடுகள் உண்டு. தாம் வழித்தோன்றல் என்பதை மெய்ப்பித்துக் கேட்க வேண்டும். கன்சாஸ் மாநிலத்தின் கன்கார்டியா நகரில், பழைய ரயில் நிலையம் ஒன்றில் 2007 முதல் இக்குழந்தைகளுக்கான அருங்காட்சியகமும் ஆய்வு மையமும் இயங்குகின்றன.

தாயின் பக்கம்

கோப்பு கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். பையனின் பிறவிப் பெயர், வயது, ஒரு விடுதியின் பெயர், அனுப்பிய நாள், 1905 இலையுதிர் காலம். 'தந்தை இறந்துவிட்டார். தாய் பராமரிக்க இயலாதவர்' என்று ஒரு வரி. அதன் கீழே ஒப்புதல் சீட்டு. கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி.

இங்கே நாம் நிற்க வேண்டும். இந்தக் கோப்பை எழுதியவர் அனுப்பிய நிறுவனத்தின் அலுவலர். தாய் எழுதவில்லை, அவளுக்கு எழுதத் தெரியாது. பெற்றோரைப் பற்றி 'குடிகாரர்', 'சோம்பேறி' போன்ற சொற்கள் இருந்தாலும் அவை ஒரு தரப்பின் கூற்றே. தாயின் தரப்பை எங்கே கேட்பது?

மீண்டும் குடிமதிப்புக்கே வருவோம். 1900-ஆம் ஆண்டுப் பதிவேட்டில் ஒவ்வொருவரின் பிறந்த மாதமும் ஆண்டும் உண்டு. தாய் எத்தனை குழந்தைகளைப் பெற்றாள், எத்தனை உயிரோடு இருக்கின்றன என்ற கேள்விகளும் உண்டு. அந்தப் பக்கத்தில் ஒரு துறைமுகக் கூலி, மனைவி, ஏழு வயது மகள், இரண்டு வயது மகன். பெற்றது ஐந்து, இருப்பது இரண்டு. நியூயார்க் நகராட்சி ஆவணக் காப்பகத்தில் 1903-ஆம் ஆண்டின் இறப்புச் சான்றிதழ் ஒன்று: தந்தைக்கு நிமோனியா. 1905 ஜூன் மாதம் நியூயார்க் மாநிலம் ஒரு கணக்கு எடுத்தது. அதில் தாய் ஓர் அறையில், சலவைத் தொழில் செய்துகொண்டு, பன்னிரண்டு வயது மகளோடு இருக்கிறாள். அதே மாதத்தில் அதே நகரத்தின் ஒரு விடுதிப் பட்டியலில் ஏழு வயதுப் பையன் தனியே இருக்கிறான்.

மூன்று ஏடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோப்பில் ஒரு வரியாக இருந்தது இப்போது ஒரு குடும்பமாகிவிட்டது. தாத்தா அநாதை அல்லர். அவருக்குத் தாய் இருந்தாள், அக்காளும் இருந்தாள். இல்லாதது வாடகைப் பணம்.

இரத்தம் சொல்லும் சான்று

ஆனால் ஒரு பெரிய ஐயம் எழ வேண்டும். நியூயார்க்கில் ஒரே பெயர் கொண்ட அயர்லாந்துக் குடும்பங்கள் எத்தனையோ. நாம் கண்டது சரியான குடும்பம்தானா? பெயர் ஒன்று மட்டும் பொருந்தினால் போதாது. வயது, பிறந்த இடம், பெற்றோர் பெயர், விடுதி என்று ஒன்றையொன்று சாராத சான்றுகள் பல பொருந்த வேண்டும். இங்கே உயிரியல் நமக்குக் கை கொடுக்கிறது.

நம் உடலின் உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளில் பாதி தந்தையிடமிருந்தும் பாதி தாயிடமிருந்தும் வருகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் இது பாதியாகிக்கொண்டே போகும். இதைக் கொண்டு உறவின் நெருக்கத்தைக் கணக்கிடலாம். உடன்பிறந்தவர்களுக்குள் பொதுவாக இருப்பது சராசரி 1/2 பங்கு. அவர்களுடைய பிள்ளைகளுக்குள் 1/8. பேரப்பிள்ளைகளுக்குள் 1/32, அதாவது சுமார் 3 விழுக்காடு. நம் பேத்தியும், நியூயார்க்கில் தங்கிவிட்ட அந்த அக்காளின் பேரனும் இந்த மூன்றாம் நிலையில் இருக்கிறார்கள். இருவரும் விரும்பி உமிழ்நீர் கொடுத்துச் சோதித்தால், ஏறக்குறைய இந்த அளவு பொதுப்பங்கு தென்பட வேண்டும். தென்படவே இல்லை என்றால், ஏடுகளில் நாம் எங்கோ வழி தவறிவிட்டோம் என்று பொருள்.

ஆனால் இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. 3 விழுக்காடு என்ற அளவு வேறு சில உறவுகளுக்கும் பொருந்தும். டி.என்.ஏ. நெருக்கத்தைச் சொல்லும், பெயரைச் சொல்லாது. ஏடு பெயரைச் சொல்லும். ஆனால் அது தவறாகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்து ஒரே விடையைத் தரும்போதுதான் முடிவு உறுதியாகிறது. இன்னொன்றும் நினைவிருக்கட்டும். இறந்தவரைத் தேடப்போய் உயிரோடிருப்பவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். அவர்கள் விரும்பாவிட்டால் அதை மதிக்க வேண்டும்.

கதவுகள் மெல்லத் திறக்கின்றன

இந்தப் பயணங்கள் ஏன் நின்றன? 1890-களிலிருந்து பல மாநிலங்கள் வெளியூர்க் குழந்தைகளைக் கொண்டுவந்து விடுவதற்குச் சட்டக் கட்டுப்பாடு விதித்தன. 1909-இல் வெள்ளை மாளிகையில் கூடிய மாநாடு, வறுமை என்ற ஒரே காரணத்துக்காகக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று அறிவித்தது. 1911-இல் இல்லினாய் மாநிலம் ஏழைத் தாய்மார்களுக்கு உதவித்தொகை வழங்கும் சட்டம் இயற்றியது; பிற மாநிலங்களும் பின்பற்றின. ரயில் கட்டணத்தைவிட வாடகை கொடுப்பது நல்லது என்று சமுதாயம் உணர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று! நம் கதையின் சலவைத் தொழிலாளிக்கு அந்த அறிவு சில ஆண்டுகள் தாமதமாக வந்து சேர்ந்தது.

பூட்டிய ஏடுகளும் மெல்லத் திறந்து வருகின்றன. தத்துப்போனவர்களின் பிறப்புச் சான்றிதழை மறைத்து வைத்திருந்த நியூயார்க் மாநிலம், 2020 ஜனவரி முதல் 18 வயது நிறைந்த அவர்களுக்கும், அவர்கள் இறந்திருந்தால் நேர் வழித்தோன்றல்களுக்கும் மூலச் சான்றிதழைத் தருகிறது. 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, பெயர் பெறுவதும், இயன்ற வரையில் தன் பெற்றோரை அறிவதும் ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்று கூறுகிறது.

இவ்வளவு தேடி என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். தாத்தா திரும்பி வரமாட்டார். அந்தத் தாயும் வரமாட்டாள். ஆனால் "யாரும் வேண்டாமென்று விட்ட பையன்" என்று மூன்று தலைமுறையாக ஒரு குடும்பம் தன்னைப் பற்றி நம்பிவந்த பொய், ஆராய்ச்சியால் நீங்கிவிட்டது. அந்தப் பையனை ஒருத்தி பெற்றாள், வளர்த்தாள், வேறு வழியின்றி ஒரு குறியிட்டுக் கொடுத்தாள். இனி அந்தப் பேத்தி தன் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை ரயிலில் தொடங்காது. ஒரு தாயின் பெயரில் தொடங்கும்.